தூங்கியது யார்?
பணிநீக்கமும் தாமதம் என்கிற சொல்லாடலும்

நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு பிரதிதான். கவிதையில் உருவகம் வந்தால் நின்று வாசிக்கிற நாம், தீர்ப்பில் வருவதை மட்டும் 'அது சட்டம்' என்று தாண்டிப் போய்விடுகிறோம். பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி அரசியல் சட்ட உரிமை கோரி உயர்நீதிமன்றம் போகும்போது, பல சமயம் அவர் வழக்கை முடித்துவைப்பது ஓர் உருவகம்: தூக்கம். விழித்திருப்பவனுக்கே நீதி துணை நிற்கும், உரிமையின்மேல் படுத்துத் தூங்கியவனுக்கு அல்ல. ஆங்கிலேயச் சமநீதி மன்றங்கள் நமக்கு விட்டுப்போன வாசகம் இது.

அரசியல் சட்டத்தின் 32, 226 பிரிவுகளில் இத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. காலத்தை உள்ளே கொண்டுவந்தது நீதிபதிகளின் வாசிப்பு. 1968இல் திலோக்சந்த் மோதிசந்த் வழக்கில், அடிப்படை உரிமையே ஆனாலும் தாமதித்து வந்தால் மறுக்கலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. நீதிபதி கே.எஸ். ஹெக்டே இதற்கு உடன்படவில்லை. அது ஒரு வணிக நிறுவனத்தின் விற்பனை வரி வழக்கு. 1974இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவரின் பதவி உயர்வு வழக்கில் 'ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம்' என்ற அளவும் வந்து சேர்ந்தது. வரிக்கும் பதவி உயர்வுக்கும் வெட்டிய அளவுகோலைத்தான் வேலையே பறிபோனவரின் வயிற்றின்மேல் வைக்கிறார்கள்.

சரி, இந்தத் 'தூக்கத்தில்' என்ன நடக்கிறது? குற்றச்சாட்டுக் குறிப்பாணை, தற்காலிகப் பணிநீக்கம், உள்விசாரணை, நீக்க உத்தரவு, மேல்முறையீடு. பதில் வராது. சங்கத்தில் 'மேல எழுதிப் போட்டிருக்கோம், பாத்துக்கலாம்' என்பார்கள். சமரச அலுவலரிடம் வாய்தாவுக்குமேல் வாய்தா. அதற்குள் நகை அடகுக்குப் போயிருக்கும், பிள்ளை படிப்பு நின்றிருக்கும். ரிட் போட்டால், 'தொழிலாளர் நீதிமன்றம் இருக்கே, அங்க போ' என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. இத்தனை அலைச்சலுக்கும் பெயர் தூக்கம். நிர்வாகம் விசாரணையை இழுத்தால் அது 'நடைமுறை'. நீதிமன்றத்திலேயே வழக்கு வருடக்கணக்கில் கிடந்தால் அது 'நிலுவை'.

1989இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, நீக்கப்பட்ட அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் கணக்கைத் தெளிவாக்கியது. விதி அனுமதிக்கிற மேல்முறையீட்டில் முடிவு வந்த நாளிலிருந்து காலம் ஓடும். ஆறு மாதமாகியும் முடிவு வராவிட்டால் அந்த ஆறு மாத முடிவிலிருந்து ஓடும். விதியில் இல்லாமல் திரும்பத் திரும்பப் போடும் மனுக்கள் காலத்தை நீட்டாது. 2008இல், 1982இல் நீக்கப்பட்ட சுரங்கத் துறை ஊழியர் 2000இல் போட்ட மனுவை வைத்து, பழைய கோரிக்கைக்கு இப்படி உயிர் வராது என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

எனக்கு இடறுவது இந்தக் கருணை மனுதான். 'ஐயா மனசு வைக்கணும்' என்பது நம் அலுவலகங்கள் தொழிலாளிக்குக் கற்றுத்தந்த மொழி. உரிமையைக் கேட்டால் திமிர், கெஞ்சினால் ஒருவேளை கிடைக்கும். அதிகாரத்தின் ஒரு கை கெஞ்சப் பழக்குகிறது. இன்னொரு கை கெஞ்சிய நாட்களைக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது.

தாமதத்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் இன்னொரு தொழிலாளி வந்திருப்பார், சாட்சி இறந்திருப்பார். ஆனால் அதற்கு உரிமையையே பறிக்க வேண்டியதில்லை. 1974இல் நீக்கப்பட்டு 1981இல் கோரிக்கை எழுப்பிய பஞ்சாப் கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவரின் வழக்கில், தாமதத்துக்காகப் பின்ஊதியத்தைக் குறைக்கலாமே தவிர அதையே காரணமாக வைத்துப் பரிகாரத்தை மறுக்கக் கூடாது என்று 1999இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மறுவருடமே ஒரு வங்கி ஊழியர் வழக்கில் ஏழு வருடத் தாமதம் பிரச்சினையையே பழசாக்கிவிட்டது என்றது. பிறகு சட்டமே கதவைக் குறுக்கியது. 2010 திருத்தம், நீக்கப்பட்டவர் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்று வருடம் என்று வரம்பு கட்டியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச நடவடிக்கையே கிடையாது.

அதனால் தோழர்களுக்கு இரண்டு விஷயம். கருணை மனு போடுங்கள், ஆனால் அதை நம்பி வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்தது, நாம் எழுதுகிறவர்கள் சம்பந்தப்பட்டது. பிரமாணப் பத்திரத்தில் 'தாமதம் வேண்டுமென்றே நேர்ந்ததல்ல' என்று ஒரே வரி வருகிறது; ஐந்து வருட வாழ்க்கை அதற்குள் காணாமல் போகிறது. அந்த வருடங்களை நாள்வாரியாக எழுத வேண்டும். எந்த அலுவலகம், யார் திருப்பி அனுப்பினார்கள், எந்தக் கடிதத்துக்குப் பதில் இல்லை, ஒப்புகை அட்டை எங்கே, அடகுச் சீட்டு எங்கே. நீதிமன்றம் ஏற்குமா என்பது வேறு. எழுதி வைத்தால், 'தூங்கினான்' என்று சொல்வதற்கு முன் அவ்வளவையும் அது படித்தாக வேண்டும்.