உமிச் சாம்பலின் உயர்வு

'உமியைக் குற்றிக் கை சலித்தது போல' என்பது பழமொழி. வீண் முயற்சிக்கு உமியை உவமையாக்கிய நம் முன்னோரே உமிக்கரியால் பல்லும் துலக்கினர். அழுக்கை அகற்றும் அந்தச் சொரசொரப்பு உமிக்கு எங்கிருந்து வந்தது?

நெற்பயிர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும்போது, அதில் கரைந்துள்ள சிலிக்காவையும் உறிஞ்சுகிறது. மணலில் மிகுதியாக இருப்பதும் இப்பொருளே. அது உமியிற் படிந்து நெல்மணிக்குக் கவசமாகிறது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி உண்டு. அதனை எரித்தால் 4 கிலோ அளவு சாம்பல் எஞ்சும். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காவே.

இதனை நானோத் துகளாக்குவதால் விளையும் நன்மை யாது? ஒரு மீட்டரை 100 கோடி கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு நானோமீட்டர்ப் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். பரப்பு பெருகினால் பிற பொருள்களோடு வினைபுரியும் ஆற்றலும் பெருகுமன்றோ? எனவேதான் நுண்ணிய சிலிக்கா கான்கிரீட்டுக்கு வலிமையும் டயர் ரப்பருக்கு உறுதியும் தருகிறது.

செய்முறை எளிது. உமியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால், அதிலுள்ள பொட்டாசியம் முதலியன நீங்கும். நீங்காவிடில், எரியும்போது கரி உள்ளே சிக்கிச் சாம்பல் கறுத்துவிடும். கழுவிய உமியை உலர்த்தி, நல்ல காற்றோட்டத்தில் 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் எரித்தால், வெண்மையான சிலிக்கா கிடைக்கும். அது நானோ அளவிலான துகள்களால் ஆனது, படிகமாக இறுகாதது.

இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சூடு அளவு மீறினால் சிலிக்கா படிகமாக மாறிவிடும். வினைபுரியும் ஆற்றல் குன்றும். அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்போரின் நுரையீரல் தழும்பேறும். நெல் அவிக்க உமியையே விறகாக எரிக்கும் அரிசி ஆலைகளில் இது முக்கியமான செய்தி. சாம்பலை வெட்டவெளியில் குவித்தால், காற்று அதனை அண்டை வீடுகளுக்கும் கொண்டுசெல்லும்.

ஆகவே, உமிச் சாம்பல் செல்வமாவதும் தீங்காவதும் உலையின் சூட்டைப் பொறுத்தன. சூட்டை அளந்து எரிப்பதும், சாம்பலைக் காற்றில் பறக்கவிடாது மூடிக் காப்பதும், கழுவிய அமிலத்தை நடுநிலையாக்காமல் வாய்க்காலில் விடாதிருப்பதும் இத்தொழிலில் இறங்குவோரின் முதற் கடமைகளாகும்.