'இலவசம்' என்னும் சொல்

"நாங்க கட்டுற வரியில இவங்க உக்காந்து சாப்பிடறாங்க." நண்பர் ஒருவர், கல்லூரி ஆசிரியர், டீக்கடையில் இப்படிச் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்று படித்தவன் நான். அந்த 'இவங்க'ளில் ஒருவன். அன்று பேசியிருந்தால் கோபம் மட்டுமே வந்திருக்கும். இப்போது அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். அதில் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. வரி கட்டுவது 'நாங்கள்' மட்டுமே. கட்டிய பணம் முழுக்க எங்களுடையது.

முதல் கூற்று பொய். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அரசு, அந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து 2017இல் வந்த ஜிஎஸ்டி வரை, சோப்பு வாங்கும் கை ஒவ்வொன்றும் வரி கட்டும் கைதான். வருமானம் முழுவதையும் செலவழித்தே தீரவேண்டிய கூலிக்காரி, பாதியைச் சேமிக்க முடிந்தவரைவிடத் தன் வருமானத்தில் அதிகப் பங்கை இவ்வகை வரியாகத் தருகிறாள். அவளிடம் ஃபார்ம் 16 கிடையாது, அவ்வளவுதான்.

இரண்டாம் கூற்றுக்குக் கோட்பாட்டு பலம் உண்டு. உழைப்பு வருமானத்தின் மீதான வரி கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று 1974இல் ராபர்ட் நாசிக் வாதிட்டார். தமிழ் படித்தவனுக்கு உடனே குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் நினைவுக்கு வரும்: அங்கே செங்கோலோடு நின்று பொருள் கேட்பவன், வேலோடு வழிமறிப்பவனாகிறான். ஆனால் அதே குறள்தான் இறைமாட்சியில் பொருளை ஈட்டுவதோடும் காப்பதோடும் நிறுத்தாமல் 'வகுத்த'லையும் அரசின் வேலையாக்குகிறது. பறிப்பது வேறு, வகுப்பது வேறு.

நாசிக்கின் வாதத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சொத்து நியாயமாக வந்திருக்க வேண்டும். அநியாயமாக வந்திருந்தால் அது திருத்தப்பட வேண்டும். இங்கே அதை வைத்துப் பாருங்கள். 1892 அரசாணையை ஒட்டித் தலித்துகளுக்குத் தரப்பட்ட பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ பிறர் கைக்குப் போய்விட்டது. சாதி தந்த நிலம், நிலம் தந்த படிப்பு, படிப்பு தந்த சம்பளம். இதில் 'என் உழைப்பு' எங்கே தொடங்குகிறது? இந்தக் கணக்கைத் தீர்க்காமல் 'இலவசம்' என்று சொல்வது, கடனின் ஒரு தவணையைப் பிச்சை என்று அழைப்பதாகும்.

இதைச் சொல்வதால் அரசின் வக்கீலாகிவிடப் போவதில்லை. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டார்கள். சலுகை என்ற சொல் உரிமையாக மாறியது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த உரிமையை வருமானம், நிலம், மின்சார யூனிட் என்று கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. 2003 முதல் சில்லறை மது விற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் ஏகபோகம். புருஷன் குடித்துக் கட்டும் வரி கஜானா வழியாகப் பொண்டாட்டி கைக்குத் திரும்புகிறது என்றால், அங்கே வகுத்தல் நடக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் பணம் கைமாறுகிறது.

ஆகவே நம் கேள்வியை இடம் மாற்றிக் கேட்க வேண்டும். கொடுப்பது நியாயமா என்பதல்ல, யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. அடுத்த முறை அந்த டீக்கடையில் நண்பரிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன்: "சார், நீங்க வரி கட்டுறீங்க, சரி. எங்கம்மா கட்டுறத யாரு எண்ணினா?"