ஒரே ஒரு பெரணி இலைதானே!

1861-ஆம் ஆண்டு. வேல்ஸின் சுனோடன் மலையில் வில்லியம் வில்லியம்ஸ் என்ற வழிகாட்டி செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். அரிய செடிகள் இருக்கும் இடத்தை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவது அவருடைய பிழைப்பு. அன்று அவர் தேடிப் போனது உட்சியா என்னும் விரல் நீளப் பெரணி. இங்கிலாந்தைப் பெரணிப் பித்து பிடித்து ஆட்டிய காலம் அது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காட்டுப் பெரணி இருந்தால்தான் வசதியான வீட்டுக்குக் கௌரவம். அந்தக் கௌரவத்துக்காக உட்சியாவையும் கில்லார்னி பெரணியையும் பாறை பாறையாகச் சுரண்டி எடுத்தார்கள். எத்தனையோ இடங்களில் அவை அடியோடு இல்லாமல் போயின. இன்று பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். கில்லார்னி பெரணியின் இலையைக் கிள்ளினாலே குற்றம்தான்.

செடி தேடி மலையேறும் சுற்றுலா இப்போது ஆசியாவிலும் சூடு பிடித்திருக்கிறது. பெரணிப் பிரியர்கள் அதிகம் சொல்லும் பெயர் கினபாலு. போர்னியோ தீவில் மலேசியாவின் சபா மாநிலத்தில் 4,095 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மலை. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்த ஒரு மலையிலேயே 600-க்கும் மேற்பட்ட பெரணி வகைகள் பதிவாகியிருக்கின்றன. மண் சரிந்த ஓரங்களில் பாதியாகக் கிழித்த குடையைப் போல இலை விரிக்கும் டிப்டெரிஸ், மேகம் தங்கும் உயரத்தில் மரப்பெரணிகள், பாசி படர்ந்த மரக்கிளைகளில் கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும் மெல்லிய பெரணிகள். கை சும்மா இருக்காதுதான்.

அந்தக் கையால்தான் வம்பு. கினபாலு பூங்காவுக்குள் செடி பறிக்கத் தடை இருக்கிறது. பூங்காவுக்கு வெளியே என்றாலும் தப்ப முடியாது. சபாவின் பல்லுயிர்ச் சட்டம் 2000-இன்படி, ஆய்வுக்காக எதைச் சேகரிப்பதற்கும் மாநிலப் பல்லுயிர் மன்றத்தின் உரிமம் வேண்டும். சேகரித்ததை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோக இன்னோர் உரிமம். காய்ந்து விழுந்த இலை, தாளுக்குள் அழுத்திய மாதிரி, காகித உறையில் தட்டிய வித்துத்தூள் எல்லாமே உயிரியல் வளம் என்ற கணக்கில்தான் வரும். "எடுத்துக்கோங்க சார், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று வழிகாட்டியே சொன்னாலும் அது அனுமதி ஆகாது. சோதனையில் பையைத் திறக்கும்போது பக்கத்தில் அவர் நிற்கப்போவதில்லை.

மரப்பெரணிகளுக்கு இதற்கு மேலும் ஒரு பூட்டு. சயாத்தியா பேரினம் முழுவதும் சைட்டீஸ் என்னும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அடித்தண்டில் பொன்னிற ரோமம் அடர்ந்த சிபோட்டியம் பெரணியும் அதே பட்டியல்தான். சந்தையில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. கொண்டுவந்த பிறகு சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கும் பொதுவாக எடுபடாது.

காசு கொடுத்து வாங்கியவர் கதை ஒன்று தாவர உலகில் பிரசித்தம். 2002-இல் மைக்கேல் கோவாச் என்ற அமெரிக்கர் பெரு நாட்டு மலைப்பாதையில், சாலையோர வியாபாரியிடம் பெரிய பூ பூக்கும் ஆர்க்கிட் ஒன்றை வாங்கினார். விலை நான்கு டாலர்கூட இல்லை. புளோரிடாவின் செல்பி தாவரவியல் தோட்டத்தில் அதைக் கொடுக்க, சில நாட்களிலேயே அறிவியல் உலகுக்குப் புதிய இனமாக அவர் பெயரிலேயே அது வெளியானது. முறையான சைட்டீஸ் சீட்டு இல்லாததால் வழக்கும் வந்தது. தோட்டத்துக்கு 5,000 டாலர் அபராதம்; அவருக்கு 1,000 டாலர் அபராதமும் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். பூவுக்கு வைத்த பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

படித்தவர், ஆய்வாளர் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைப்பதற்கும் இல்லை. 2008-இல் டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா மலைக்காட்டில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்த இரண்டு செக் நாட்டவரை வனத்துறை பிடித்தது. அவர்களில் ஒருவர் உலகறிந்த வண்டு ஆய்வாளர். அவருக்காகப் பல நாட்டு விஞ்ஞானிகள் குரல் கொடுத்தார்கள். நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்றது. இந்தியாவில் வெளிநாட்டவர் இப்படிச் சேகரிக்க முன்அனுமதி தரும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. நம் காட்டில் அவர்களுக்கு உள்ள விதியே அவர்கள் காட்டில் நமக்கும். ஆர்வத்தில் ஓர் இலை எடுத்தவரையும் மூட்டை கட்டிய கடத்தல்காரரையும் சட்டம் ஒரே தராசில் வைக்கிறதே என்ற மனக்குறை ஆய்வாளர்களிடம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் சோதனை மேசையில் நிற்கும் அதிகாரிக்கு மனசுக்குள் எட்டிப் பார்க்கும் வசதி இல்லை.

அப்படியானால் பெரணிப் பிரியர் என்னதான் செய்யலாம்? நிறையவே. இலையைப் பறிக்காமல் விரலால் மெல்லத் திருப்பினால் அடிப்பக்கத்தில் பழுப்புப் பொட்டுகள் தெரியும். அவைதான் வித்துக் கொத்துகள். அவை வட்டமா, கோடா, விளிம்பை ஒட்டியா, மேலே சவ்வு மூடியிருக்கிறதா என்பதை வைத்தே பெரும்பாலும் இனத்தை நெருங்கிவிடலாம். பொட்டுகளுக்கு ஒரு படம், காம்பின் அடியிலுள்ள செதில்களுக்கு ஒன்று, அளவுக்கு ஒரு நாணயம் வைத்து முழு இலைக்கு ஒன்று, செடி நிற்கும் இடத்துக்கு ஒன்று. இணையத்தில் போடும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். திருட்டுச் சேகரிப்பாளருக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. மாதிரியே தேவைப்படும் ஆய்வாளர், அந்த ஊர் தாவரச் சேகரிப்பகத்தோடு கூட்டுச் சேர்ந்து பயணத்துக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிப்பதுதான் வழி.

ஊர் திரும்பும் விமான நிலையத்தில் இன்னொரு வாசல். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். வேரில் மண் ஒட்டியிருக்கவே கூடாது. இந்தக் கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் இலங்கைக் குளங்களைப் பார்க்கலாம். பிரேசிலின் சல்வீனியா என்ற நீர்ப்பெரணி 1939-இல் ஆய்வுக்கென்று கொழும்புக்கு வந்தது. அங்கிருந்து குளங்களுக்கும் வயல்களுக்கும் பரவியது. அதைத் தின்னும் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டு அடக்க 1980-கள் வரை ஆயிற்று. பையில் செடி இருப்பது தரையிறங்கும்போது நினைவுக்கு வந்தால், கேட்கும் முன்பே சுங்க அதிகாரியிடம் சொல்லி ஒப்படைப்பது நல்லது. மறைத்து மாட்டுவதுதான் வழக்கைப் பெரிதாக்கும்.

வெளிநாட்டில் கைதானாலும் உரிமைகள் உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவின்படி, தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கைதானவர் கேட்கலாம். மலேசிய அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்கவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. குடிவரவுச் சட்டத்தில் கைதான வெளிநாட்டவருக்கு மட்டும் அந்தக் கெடு 14 நாள். விசா காலம் தாண்டி அங்கே தங்கினால் வரும் வினை அது. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். தூதரக உதவி தாமதமானால் குடும்பத்தினர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் முறையிடலாம்.

பயண ஏற்பாட்டாளர் ஏமாற்றினால் அதற்கும் வழி இருக்கிறது. "சேகரிப்பு அனுமதியோடு" என்று விளம்பரம் செய்தவரிடம் பணம் கட்டுமுன் உரிம நகலைக் கேட்டு வாங்குங்கள். இந்திய முகவர் மூலம் பதிவு செய்திருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை மலையேற்றம் சேரும் என்பதையும் பார்த்துவிடுங்கள். பல பாலிசிகள் அங்கேதான் கைவிரிக்கும்.

மலை தரும் ஆபத்துகள் தனி. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் இன்னொரு பெரணிக்காக ஏறக் கூடாது. இறங்குவதுதான் மருந்து. 2015 ஜூன் 5 அன்று கினபாலுவை உலுக்கிய நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தார்கள். வழிகாட்டி "திரும்புவோம்" என்றால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும்.

சபாவின் அடிவாரக் காடுகளில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் நோலெசி மலேரியா இருக்கிறது. இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் சீக்கிரம் முற்றிவிடும். நுண்ணோக்கியில் வேறு மலேரியா வகையைப் போலவும் தெரியும். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், போர்னியோ காட்டில் சுற்றியதை மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.