கல்லச்சும் பிரயாணச் சுவரொட்டியும்

சென்ற நூற்றாண்டின் மத்தியில் விமானக் கம்பெனிகளும், கப்பல் கம்பெனிகளும், நாகரிக உடைகளையும் வாசனைத் திரவியங்களையும் விற்றவர்களும் வெளியிட்ட வர்ண விளம்பரங்களைப் பார்த்து மனத்தைப் பறிகொடுக்காதவர்கள் குறைவு. அந்தக் கவர்ச்சிக்குக் காரணம் என்னவென்று கேட்டால், பழைய காலத்தின்மேல் நமக்குள்ள வாஞ்சை என்பார்கள் சிலர். அக்காலத்துப் பிரயாணங்களின் ஆடம்பரம் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அதன் மூலகாரணம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம். கல்லச்சு என்ற தொழிலை அறிந்துகொண்டால் அந்தச் சித்திரங்களின் அழகு பாதிக்குமேல் விளங்கிவிடும்.

பிராக் நகரில் 1771-ம் ஆண்டு பிறந்து மியூனிக் நகரில் வாழ்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர் ஒரு நாடகாசிரியர். தம் நாடகங்களைப் பிறரிடம் கொடுத்து அச்சிடப் பணம் இல்லாமல், மலிவான வழி ஒன்றைத் தாமே கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்த அவரிடம், 1796-ல் ஒரு நாள், சலவைக்காரி காத்திருக்கிறாள், துணிக் கணக்கைக் குறித்துக் கொடு என்று தாயார் சொல்ல, கைக்குக் காகிதம் அகப்படாமையால், மெழுகும் சோப்பும் விளக்குக் கரியும் கலந்து தாம் தயாரித்திருந்த மையினால், பக்கத்திலிருந்த வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் அதை எழுதிவைத்தாராம். இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதிலிருந்து தொடர்ந்த பரிசோதனைகள் 1798-ல் ஒரு பூரணமான அச்சு முறையாக முதிர்ந்தன.

அந்த முறைக்கு ஆதாரம், கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று சேரமாட்டா என்ற இயற்கை நியதி. எண்ணெய் தேய்த்துக்கொண்ட உடம்பின்மேல் விட்ட தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டோடுவதைப் போன்றதுதான் இது. பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபன் என்னும் ஊரில் வெட்டியெடுக்கும் நுண்ணிய சுண்ணாம்புக் கல், நீர், கொழுப்பு இரண்டையுமே ஏற்கும் குணமுடையது. மணலும் நீரும் இட்டுத் தேய்த்துச் சமப்படுத்திய அந்தக் கல்லின்மேல், கொழுப்புச் சத்துள்ள பென்சிலால் சித்திரக்காரர் படத்தை இடவலம் மாற்றி வரைகிறார். பிறகு வேலம்பிசினில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து பூசினால், கோடு விழுந்த இடத்தில் கொழுப்பு நிலைபெறுகிறது. விழாத இடம் நீரை விரும்பும் தன்மையை அடைகிறது. ஈரப் பஞ்சால் கல்லை நனைத்து மை உருளையை ஓட்டும்போது, நனைந்த இடம் மையைத் தள்ளிவிட, கொழுப்புள்ள இடம் அதைப் பற்றிக்கொள்கிறது. காகிதத்தை வைத்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் ஒரு கல்லில் ஒரு தடவைக்கு ஒரு மைதான் அச்சாகும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று தனித்தனியே வரைந்து, ஒரே காகிதத்தை ஒவ்வொன்றின்மேலும் இம்மியும் பிசகாமல் பதிக்க வேண்டும். காகிதம் ஈரத்தால் சற்றே விரிந்தாலும் வர்ணங்கள் எல்லை தாண்டிவிடும். ஒவ்வொரு வர்ணமும் ஒரு செலவு, ஒரு சிரமம், ஒரு அபாயம். ஆகையால் ஐந்தாறு வர்ணங்களுக்குள் கடலையும் மலையையும் வானத்தையும் அடக்கியாக வேண்டிய சித்திரக்காரர், எதைக் காட்டுவது என்பதைக்காட்டிலும் எதை விட்டுவிடுவது என்பதைப் பற்றியே அதிகம் சிந்தித்தார். நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றிப் பச்சையை வரவழைத்தார். ஒரே உருளையில் இரண்டு மைகளை அருகருகே இட்டு, நடுவில் ஒன்றோடொன்று கலக்கவிட்டு, அந்தி வானத்தை உண்டாக்கினார். வெள்ளை தேவைப்பட்ட இடத்தில் காகிதத்தையே அப்படியே விட்டார். புள்ளிகளாகச் சிதறாமல் முழு மையாகப் படிந்த அந்த வர்ணத்துக்கு உள்ள கம்பீரம் வேறு எதற்கும் இல்லை.

பாரிஸில் 1866 முதல் ஜூல்ஸ் ஷெரே என்பவர் வளர்த்த இந்தக் கலையின் உச்சமென்று நான் கருதுவது, கஸாண்டர் என்ற சித்திரக்காரர் 1935-ல் ‘நார்மண்டி’ என்ற கப்பலுக்கு எழுதிய சுவரொட்டி. சுமார் 100 சென்டிமீட்டர் உயரமும் 62 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அந்தத் தாளில், கப்பலின் முகப்பு நேருக்கு நேராக நம்மை நோக்கி ஓங்கி நிற்கிறது. அடியில், நீர்மட்டத்துக்கு அருகே, சின்னஞ்சிறு பறவைகள். கப்பல் எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பறவைகளே சொல்லிவிடுகின்றன.

அதற்குள்ளாகவே கல்லின் ஸ்தானத்தைத் துத்தநாகத் தகடு பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவர் 1904-ஐ ஒட்டி அமைத்த ஆப்செட் யந்திரத்தில், தகட்டிலுள்ள படம் முதலில் ரப்பர் விரிப்பில் படிந்து, பிறகே காகிதத்துக்கு வந்தது. இடவலம் மாற்றி வரையும் சங்கடம் நீங்கியது. ஆயினும் கல் கற்றுக்கொடுத்த சிக்கனம் சித்திரக்காரர்களின் கையில் நிலைத்துவிட்டது. ரெனே குருவோ 1949-ல் ‘ரூழ் பெஸே’ என்ற உதட்டுச் சாயத்துக்கு வரைந்த பெண்முகத்தில், கண்களை மூடிக் கட்டிய கறுப்புத் துணியும் சிவந்த உதடுகளுமே பிரதானம். சாயத்தின் சிவப்பைத் தவிர வேறெதையும் மனம் நாடாதபடி அவர் செய்துவிட்டார். டேவிட் க்ளைன் 1956-ல் டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனிக்கு எழுதிய நியூயார்க் சுவரொட்டியிலோ, டைம்ஸ் சதுக்கத்தின் இரவு விளக்குகள் முழுவதும் கோணங்களாகவும் கட்டங்களாகவும் பிரிந்து ஜ்வலிக்கின்றன. மறு வருஷமே அந்நகரத்து நவீனக் கலைக் காட்சிசாலை அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

பிறகு வர்ணப் புகைப்படம் மலிவாயிற்று. கடற்கரையை உள்ளபடியே காட்ட முடிந்தபோது, அதைக் கற்பனை செய்து காட்டுகிறவருக்கு வேலை குறைந்தது. அது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டுக்கும் இக்கலையில் பங்குண்டு. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடம் கல்லச்சினாலேயே தெய்வப் படங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. ஏர் இந்தியா விமானக் கம்பெனியின் சின்னமான மகாராஜா, அக்கம்பெனி அதிகாரி கூக்காவின் யோசனையிலும் உமேஷ் ராவின் தூரிகையிலும் 1946-ல் பிறந்தவர். கோவில்பட்டியில் கொண்டையராஜு எழுதிய சித்திரங்களைச் சிவகாசி ஆப்செட் அச்சகங்கள் காலண்டர்களாக்கிப் பரப்பின.

இவ்வகைப் படம் ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் பிரதி எடுத்தது. பென்சில் உரசியதுபோன்ற கரடோ, தொடர்ச்சியான மைப் படலமோ தெரிந்தால் சித்திரக்காரர் கையால் வர்ணம் பிரித்தது. சுவரில் ஒட்டிக் கிழிப்பதற்கென்றே மலிவான காகிதத்தில் அச்சிட்டவை என்பதால் அப்படிப்பட்டவை சொற்பமாகவே மிஞ்சியிருக்கின்றன. வெயில் படாத இடத்தில், மடிக்காமல், பசை தடவாமல் வைத்திருங்கள். வைத்திருக்க இடமில்லையென்றால் பழைய காகிதக்காரரிடம் போடாமல், பழம்பிரதிகளைப் பாதுகாக்கும் ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.