கூடப் படிப்பவர் யார்?

கரஸ்ஸில், அதாவது தபால்வழிக் கல்வியில், பட்டம் வாங்கிய பலருக்குக் கூடப் படித்தவர் ஒருவரைக்கூடத் தெரியாது. புத்தகம் தபாலில் வரும். தேர்வு மையத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு பஸ் ஏறலாம். நடுவில் படிப்பை விட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. தொலைநிலைக் கல்வியில் பாதியில் நிற்பதற்கு வேலை, குடும்பம், பணம் எனப் பல காரணங்கள் உண்டு. இந்தத் தனிமையும் அவற்றில் ஒன்று.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. 1971இல் ஏறத்தாழ 25,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியபோது, பிபிசி ஒளிபரப்பு போதும் என்று இருந்துவிடவில்லை. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரை அமர்த்தியது. கோடை விடுமுறையில் மற்றப் பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு வாரம் தங்கிப் படிக்க வைத்தது. 1988இல், இணையம் வீடுகளுக்கு வருமுன்பே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டுக் கணினியையும் மோடத்தையும் கொண்டு தங்களுக்குள் எழுதி உரையாடினார்கள்.

அங்கே பணியாற்றிய கில்லி சால்மன், இத்தகைய உரையாடல்களை ஆராய்ந்து 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் சொல்லும் ஐந்து படிகளில், பாடம் தொடர்பான தகவல் பரிமாற்றம் மூன்றாவதாகத்தான் வருகிறது. உரையாடல் தளத்துக்குள் நுழையப் பழகுவது முதல் படி. ஒருவரையொருவர் அறிந்துகொள்வது இரண்டாவது.

இந்த வரிசைதான் பல இடங்களில் தவறிப்போகிறது. சில நூறு பேரை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துத் தேர்வு அட்டவணையைப் போடுகிறார்கள். அறிமுகமே இல்லாத கூட்டத்தில் 'இது எனக்குப் புரியவில்லை' என்று முதலில் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு வேறு வழியைப் பிடித்தது. நாடு முழுவதும் பரவியுள்ள மாணவர்களைப் பிச்சாவரம், நீலகிரி, சுந்தரவனம், காசிரங்கா எனக் காடுகளின் பெயர் கொண்ட 'இல்லங்களாக'ப் பிரித்தது. ஒவ்வோர் இல்லத்துக்கும் மாணவப் பொறுப்பாளர்கள் உண்டு. திரையில் மட்டும் பழகியவர்கள், 'பாரடாக்ஸ்' என்னும் மாணவர் விழாவுக்காகச் சென்னை வளாகத்தில் நேரில் கூடுகிறார்கள். பாடத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஏற்பாடுகள்தான் இவை. ஆனால் இல்லத்தில் பழகிய முகத்திடம் நள்ளிரவில் ஒரு நிரல் ஏன் ஓடவில்லை என்று கூச்சமின்றிக் கேட்டுவிடலாம்.

மற்றப் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்ய முடியும். இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி, முதல் இரண்டு வாரங்களில் மதிப்பெண் இல்லாத அறிமுக வேலைகள், பதில் வராத கேள்விகளைத் தினமும் பார்க்க ஓர் ஆள் என்று தொடங்கலாம். இதற்கான செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த வழிகாட்டிகளின் சம்பளத்துக்குத்தான் நிதி ஒதுக்க வேண்டியிருக்கிறது.