பருமனும் மனச்சோர்வும்: பழி யார் மீது?

பருத்த உடலைக் கண்டால் நகைப்பதும், சோர்ந்த மனத்தைக் கண்டால் கடிந்துகொள்வதும் நம் ஜனங்களிடையே ஊறிப்போன வழக்கங்கள். முன்னவனுக்குச் சாப்பாட்டுராமன் என்று பட்டம். பின்னவனுக்குச் சோம்பேறி என்று பெயர். இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்துவிட்டாலோ, அவர் வீட்டிலும் வீதியிலும் படும் அவமானத்திற்கு அளவே இல்லை. வாயைக் கட்டத் தெரியாதவர், மனத்தை அடக்கத் தெரியாதவர் என்று இரட்டைக் குற்றம் சாட்டி, விசாரணை இல்லாமலே தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை, கடந்த சில பத்தாண்டுகளில் வெளிவந்துள்ள விஞ்ஞான சாட்சியங்களைக் கொண்டு ஆராய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள காயல்பட்டினத்தை மனத்திற் கொண்டு இவ்விஷயத்தை எண்ணிப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பெரிய துறைமுகமாக வருணித்த காயலின் பெயரைத் தாங்கிய ஊர் அது. கடல் கடந்து பொருள் ஈட்டுவது அவ்வூராருக்குப் பரம்பரைத் தொழில். ஆண்கள் பலர் கொழும்பிலும், ஹாங்காங்கிலும், அரபு நாடுகளிலும் தொழில் பார்க்க, மணமான பெண்கள் தாய்வீட்டிலேயே தங்கி வாழ்வது அங்கு நெடுநாளைய ஏற்பாடு. ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் பழைய வழக்கமே. விருந்தோம்பலிலோ அவர்களை மிஞ்ச முடியாது. கல்யாண வீட்டில் ‘சகன்’ என்னும் பெரிய தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து நெய்ச்சோறு உண்ணும் காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார். அவ்வூரில் மட்டும் இந்த நோய்கள் மிகுதி என்று நாம் சொல்ல வரவில்லை. பிரிவு, வசதி, விருந்து, நெருங்கிய மண உறவு என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தனித்தனியே காணப்படும் நிலைமைகள் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன என்பதே நாம் சுட்ட விரும்புவது.

தாயும் மகளும் பேத்தியும் ஒரே வாகாகப் பருத்திருக்கும் வீட்டில், ‘எங்கள் வம்சத்து உடம்பே இப்படித்தான்’ என்று சொல்வதைக் கேட்கிறோம். காயல்பட்டினத்தில் மட்டுமல்ல, எங்கும் கேட்கும் வார்த்தை இது. இந்த வார்த்தையில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். ஸ்வீடன் தேசத்தில், குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களின் உடல் எடையை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் முதலியோர் ஆராய்ந்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெவ்வேறு அடுப்பில் சமைத்ததை உண்டு வளர்ந்தும், ஒத்த இரட்டையர்களின் பருமன் பெரிதும் ஒத்தே இருந்தது. பருமனில் பரம்பரைக்குள்ள பங்கு பெரிது என்பதை இது நிலைநாட்டியது. 2007-இல் எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவில் ஒரு சிறு வேறுபாடு கண்டறியப்பட்டது. அந்த வேறுபாட்டைத் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் பெற்றவர்கள், ஒரு வழியிலும் பெறாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ அதிக எடை கொண்டிருந்தார்கள். இது ஐரோப்பியரிடம் கண்டது. பின்னர் சென்னையிலும் வேலூரிலும் நம்மவர்களிடையே நடந்த ஆராய்ச்சிகளும் இம்மரபணுவுக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தின. 2008-இல் லண்டன்வாழ் இந்தியர்களிடம் நடந்த ஆராய்ச்சி, எம்.சி.4.ஆர். என்னும் வேறொரு மரபணுவின் அருகிலுள்ள வேறுபாட்டுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிற்று.

இங்கே நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஒப்பிட்ட 2015-ஆம் ஆண்டு ஆராய்ச்சி, பருமனோடு தொடர்புடைய 97 இடங்களை அடையாளம் காட்டியது. அவற்றின் அருகிலுள்ள மரபணுக்கள் எங்கே அதிகமாக வேலை செய்கின்றன என்று பார்த்தபோது, முதன்மையாக நின்றது மூளையும் நரம்பு மண்டலமுமே. பசி, திருப்தி, ருசியில் ஏற்படும் இன்பம் ஆகியவற்றை ஆளும் இடங்கள் மூளையில்தான் உள்ளன. ஆகவே பருமன் என்பது வயிற்றின் விவகாரம் மட்டுமன்று. மூளையின் விவகாரமும் ஆகும். மனச்சோர்வும் மூளையைப் பற்றியதே. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு விவகாரங்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்குமா?

மனச்சோர்வு அரிதான நோயன்று. சென்னை நகரில் 25,455 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஆண்களைவிடப் பெண்களிடமும், வசதியுள்ளவர்களைவிட ஏழைகளிடமும் அது மிகுதியாக இருந்தது. 2010-இல் நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள், பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். பருத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதமும், மனச்சோர்வுற்றவர்களுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதமும் மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. இரு பக்கமும் திறக்கும் கதவு போன்றது இந்த உறவு.

பரம்பரையும் மனச்சோர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே நமது விஷயத்தின் மையம். மார்கரிட்டா ரிவேரா முதலிய ஆராய்ச்சியாளர்கள் இக்கேள்வியை 2012-இல் எழுப்பினார்கள். 2017-இல் 13,701 பேரின் விவரங்களைத் திரட்டி மறுபடியும் சோதித்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மனச்சோர்வு நோயாளிகள். மற்றவர்கள் அந்நோய் இல்லாதவர்கள். எஃப்.டி.ஓ. வேறுபாடு இரு சாராரிடமும் எடையைக் கூட்டியது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது கூட்டிய அளவு அதிகம். பெற்றோரில் ஒருவர் வழியாக வந்த ஒவ்வொரு பிரதிக்கும், வழக்கமான ஏற்றத்துக்கு மேல், உடல் நிறைக் குறியீட்டெண் 2.2 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஐந்தரை அடி உயரமும் அறுபத்தெட்டு கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு இது ஒரு பிரதிக்கு ஒன்றரைக் கிலோ. இரண்டு பிரதிகளுக்கு மூன்று கிலோ. ஒரே மரபணு, ஒரே வேறுபாடு. மனம் நலமாக இருப்பவரைவிட மனம் நொந்தவரை அது அதிகமாகப் பருக்கவைக்கிறது.

மனச்சோர்வு எல்லோரிடமும் ஒரே விதமாக வருவதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. சிலருக்கு உணவே வேண்டாமற்போய் உடல் இளைக்கிறது. வேறு சிலருக்குப் பசி மிகுந்து, தூக்கம் மிகுந்து, உடல் கனக்கிறது. இரண்டாவது வகையினரே பருமனுக்குரிய பரம்பரைக் கூறுகளை அதிகமாகச் சுமந்திருக்கிறார்கள் என்று 2017-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கூறுகிறது. துக்கம் வந்தால் சோறு இறங்காது என்பது நம் பெரியோர் கண்ட அனுபவம். துக்கத்தினாலேயே உண்பவரும் உண்டு என்பதை நாம் ஏற்க மறுக்கிறோம். அப்படி உண்பவரைப் பார்த்து, ‘இவளுக்கு என்ன கவலை? நன்றாகச் சாப்பிடுகிறாளே’ என்கிறோம். கணவன் கடலுக்கு அப்பால் இருக்க, நாள்தோறும் எடை கூடிவரும் இளம்பெண்ணின் நோயை வீட்டார் கண்டுகொள்ளாமற் போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

எதிர்த்தரப்புச் சாட்சியையும் மறைக்காமல் வைப்பது நமது கடமை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பருமனை வளர்க்கும் அதே எஃப்.டி.ஓ. வேறுபாடு மனச்சோர்வு வரும் வாய்ப்பைச் சுமார் எட்டுச் சதவீதம் குறைப்பதாகக் கண்டார்கள். முரண்பாடு போலத் தோன்றினும் இதில் வியப்பில்லை. நோய் வருவதற்கான வாய்ப்பு ஒன்று. வந்த நோய் உடலை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. எந்த மரபணுவையும் கெட்டது என்றோ நல்லது என்றோ முத்திரையிட்டுவிட முடியாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி ‘வம்சத்து உடம்பு’ என்னும் வார்த்தையில் உள்ள ஆபத்தைப் பார்ப்போம். வம்சம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதே அது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் மிகை எடை உள்ளவர்கள் நூற்றுக்கு 31 பேர். 2019-21-இல் 40 பேர். ஆண்களிலும் 28-லிருந்து 37 ஆக உயர்ந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு ஜனசமூகத்தின் மரபணு மாறுவதில்லை. மாறியவை நம் தட்டும், நம் நடையும், நம் தூக்கமும், நம் வேலையும். பரம்பரை விதை என்றால், அது முளைக்கும் நிலத்தை நாமே உழுது கொடுத்திருக்கிறோம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டிய 2011-ஆம் ஆண்டு ஆராய்ச்சி, உடலுழைப்பும் பயிற்சியும் உள்ளவர்களிடம் எஃப்.டி.ஓ. வேறுபாட்டின் தீங்கு 27 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டியது. எனவே மரபணு எழுதுவது விதியன்று. வாதம் கேட்காத தீர்ப்புமன்று. எச்சிலைச் சோதித்து எதிர்காலத்தைச் சொல்கிறோம் என்று விலை கூறி விற்பவர்களிடம் நேயர்கள் எச்சரிக்கையாக இருப்பார்களாக. ஒரு மரபணுவின் மூன்று கிலோவை அறிய ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, ஒரு சாண் நாடாவால் இடுப்பை அளந்து பார்ப்பது மேல்.

அளந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர்களின் தேகம் மெலிந்து தோன்றினும் வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. புனேயில் பிறக்கும் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளைவிட எடை மிகக் குறைந்திருந்தும், ஒப்பு நோக்கக் கொழுப்பில் குறையாதிருப்பதை டாக்டர் யாக்னிக் 2003-இல் எடுத்துக்காட்டினார். ஆகையால் மேல்நாட்டு அளவுகோல் நமக்குப் பொருந்தாது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை என்று இந்திய நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டியவரை நீரிழிவும் இருதய நோயும் எளிதில் நெருங்கும். மனச்சோர்வு உள்ளவருக்கு அந்த எல்லை மேலும் அண்மையில் நிற்கிறது.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவது, வைத்தியர்களிடம் நமது வேண்டுகோள். எடைக்காக வருபவரிடம் மனத்தைப் பற்றியும், மனத்துக்காக வருபவரிடம் எடையைப் பற்றியும் கேளுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளில் மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்ற சில எடையைக் கூட்டக்கூடியவை. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி, அவர் உடல்வாகை விசாரித்து, மருந்தைத் தேர்ந்தெடுப்பது நலம். நோயாளியோ எடைக்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்திவிடலாகாது. வைத்தியரிடம் கூறி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சர்க்காரின் பொறுப்பு. மனச்சோர்வு முதலிய பொதுவான மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை என்பதை 2015-16 தேசிய மனநல ஆய்வு அம்பலப்படுத்தியது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஊழியர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் சென்றார்கள். அவ்வாறு வீட்டு வாசல் வரை செல்லும் ஊழியர், இடுப்பை அளக்க ஒரு நாடாவையும், மனத்தை அறிய இரண்டு மூன்று கேள்விகளையும் உடன் கொண்டுசெல்வதில் என்ன தடை? வெளியே வந்து சொல்லத் தயங்கும் பெண்களுக்கு இது பேருதவியாகும். 2022-இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய 14416 என்னும் இலவச மனநலத் தொலைபேசி உதவியைப் பற்றியும் ஊர்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஊராரின் கடமை. காயல்பட்டினத்துக்கு அழகிய கடற்கரை இருக்கிறது. மாலையில் ஊரே அங்கே கூடுகிறது. கூடுவோர் அமர்ந்து தின்பதோடு நில்லாமல், பெண்களும் முதியோரும் கூச்சமின்றி நடக்க வழிசெய்வது பெரிய செலவன்று. வெளிநாடு சென்ற ஊரார் தாயகத்தின் கல்விக்கும் வைத்தியத்துக்கும் வாரி வழங்குவதில் பின்வாங்காதவர்கள். அத்தருமத்தில் ஒரு பங்கு மனநலத்துக்கும் ஒதுக்கப்பட்டால், ஊரிலேயே ஒரு பெண் ஆலோசகரை நியமிக்கலாம். விருந்தை நிறுத்தச் சொல்வது நமது நோக்கமன்று. சகனைச் சுற்றிப் பலர் அமர்வது தனிமைக்கு நல்ல மருந்து. தட்டின் அளவு குறையலாம், சுற்றி அமர்வோர் குறைய வேண்டாம்.

பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நேயர்கள் மேடைகளில் பருமனைப் பற்றிய நையாண்டிக்குக் கைதட்டு வாங்குவதை இன்றோடு விட்டுவிட வேண்டும். பருத்துச் சோர்ந்திருக்கும் மனிதர் குற்றவாளியல்லர். தாம் தேர்ந்தெடுக்காத பரம்பரையையும், தாம் வரவழைக்காத நோயையும் ஒருசேரச் சுமப்பவர் அவர். பிறரைவிடச் செங்குத்தான மேட்டில் ஏறிக்கொண்டிருப்பவரை ஏன் மெதுவாக நடக்கிறாய் என்று கேட்பது நியாயமாகாது. அவர் கையைப் பற்றி, எடையையும் மனத்தையும் ஒரே சமயத்தில் கவனிக்கும் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த வேலையை இந்த வாரத்திலேயே நம் வீடுகளிலிருந்து தொடங்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.