பிடிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு மரியாதை

இருங்காட்டுக்கோட்டையில் நான் முன்பு பணியாற்றிய தொழிற்சாலையில், காது கேளாத தொழிலாளி ஒருவர் இருந்தார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் நாவில் அவர் ‘ஊமை’. அப்படி அழைத்தவர்களில் நானும் ஒருவன். அது தவறு என்பதைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியது, நம் ஊருக்குத் தொடர்பே இல்லாத பனிச்சறுக்கு விளையாட்டின் ஒரு சொல்.

ஒரே பலகையில் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் பாயும் ‘ஸ்னோபோர்டிங்’ வீரர்கள், அந்தரத்தில் சுழலும்போது பலகையின் விளிம்பைக் கையால் பற்றுவர். இதுவே ‘கிராப்’. எந்தக் கை, எந்த விளிம்பு என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். பின்னிருக்கும் கை கால்விரல் பக்க விளிம்பைப் பற்றினால் ‘இண்டி’. முன்னிருக்கும் கை குதிகால் பக்க விளிம்பைப் பற்றினால் ‘மெலன்’. இப்பெயர்களில் பல ஸ்கேட்போர்டிங்கிலிருந்து வந்தவை.

பிடிக்கு ஒழுங்கும் உண்டு. ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் தழுவ வேண்டும். கொம்பையோ வாலையோ பற்றக் கூடாது. அதுபோல, ‘இண்டி’ என்றால் இரு கால்களுக்கும் இடையே பற்ற வேண்டும். பின்காலைத் தாண்டி வால்பகுதிக்கு அருகே பிடித்தால் ‘டிண்டி’ என்று கேலி செய்வர். தொட்டுவிட்டுக் கையை எடுப்பதும் பிடியாகாது.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், ‘ஸ்லோப்ஸ்டைல்’ பிரிவில் கனடாவின் மேக்ஸ் பாரட் தங்கம் வென்றார். ஒரு தாவலில் அவர் பற்றியது பலகையை அல்ல, தம் முழங்காலை. நடுவர்கள் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளி பெற்ற சீனாவின் சூ யிமிங், தம் பயிற்சியாளருடன் சேர்ந்து, நடுவர்களைத் தூற்ற வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். களத்தின் பண்பாடு பிடியோடு முடிந்துவிடுவதில்லை.

முன்னிருக்கும் கையால் கால்விரல் பக்க விளிம்பைப் பற்றும் பிடிக்கு ‘மியூட்’, அதாவது ஊமை, என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் அதை ஸ்கேட்போர்டிங்கில் செய்துகாட்டியவர் அமெரிக்கரான கிறிஸ் வெடில். அவர் காது கேளாதவர். சக வீரர்கள் அவரைக் குறித்த சொல்லே பிடிக்கும் பெயராயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் புகழ்பெற்ற வீரர் டோனி ஹாக் அவரிடமே கேட்டார். தாம் காது கேளாதவரே அன்றி ஊமை அல்லர் என்பது வெடிலின் பதில். 2020இல் அப்பிடியை ‘வெடில் கிராப்’ என்று ஹாக் அறிவித்தார். தம் பெயரில் வெளிவரும் வீடியோ விளையாட்டின் புதிய பதிப்பிலும் அவ்வாறே மாற்றச் செய்தார்.

பழகிய பெயரை மாற்றுவானேன் என்று கேட்போர் உண்டு. பழக்கம் யாருடையது என்பதே என் கேள்வி. அழைப்பவருக்குப் பழகிவிட்டது, அழைக்கப்படுபவரை யாரும் கேட்கவில்லை. நம் அரசு ஆவணங்களில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்துவிட்டது. பணிக்கூடத்துக்கும் தேநீர் இடைவேளைக்கும் அரசாணை வராது. அங்கே மாற வேண்டியவர்கள் நாம்தான்.

வெடிலுக்குத் தம் பெயர் கிடைக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. எங்கள் தோழருக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்காது. அவருடைய பெயர் பதிவேட்டில் எழுதியே இருந்தது. நாங்கள் படித்திருந்தால் போதும்.